பற்றும் வரவும்: எல்லைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எந்த வரலாறு?

இடுக்கியில் நெடுங்கண்டம் பக்கம் போகிறவர்கள் 'பட்டம் காலனி' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அது வானில் பறக்கிற பட்டம் அல்ல, பட்டம் தாணுப்பிள்ளை. திருவிதாங்கூரில் திவான் சி.பி. இராமசாமி ஐயரை எதிர்த்துச் சிறை சென்றவர். இந்தப் பாதியைப் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிடுவார்கள். மறு பாதியை யார் சொல்வது?

1954 மார்ச்சில் அவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் சார்பில் திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சரானார். தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரிய போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். சூலையில் மூணாறில் தடையை மீறிய நேசமணி, அப்துல் ரசாக், சிதம்பரநாதன் ஆகியோர் கைதானார்கள். ஆகஸ்டு 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் பல தமிழர் உயிர் போயிற்று.

அடுத்துத்தான் தேவிகுளம், பீருமேடு மலைகளில் குடியேற்றத் திட்டம். குடும்பத்துக்கு 5 ஏக்கர். உணவு உற்பத்திக்காக என்றது அரசு. தமிழர் பெரும்பான்மையாக இருந்த தேவிகுளத்தில் மக்கள் கணக்கை மாற்றும் நோக்கமும் அதில் இருந்தது. கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டி வந்து, தலைமுறையாய் உழைத்தவர்கள் 'வந்து போகிற கூலிகள்' ஆனார்கள். நேற்று மலையேறியவர் மண்ணின் மைந்தர் ஆனார். 'பாண்டி' என்ற வசைச் சொல்லுக்கு அரசு முத்திரை விழுந்தது அப்படித்தான். 1956 நவம்பர் 1-ல் அந்த மலைகள் கேரளத்தில் நின்றுவிட்டன.

ஆனால் ஒன்றை மறக்கப்படாது. துப்பாக்கிச் சூட்டைக் கேட்டதும், 'நம் ஆட்சி பதவி விலக வேண்டும்' என்று சொன்னவர் அதே கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா. அப்போது அவரே சிறையில் இருந்தார். கட்சி அவர் பேச்சைக் கேட்கவில்லை. கடைசியில் கட்சிதான் உடைந்தது. இதைக் கேட்கிற பிள்ளை மலையாளி என்றாலே பகை என்று நினைக்குமா? தன் கட்சியின் தவற்றைத் தானே சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றுதான் நினைக்கும்.

நம் பக்கக் கணக்கும் இருக்கிறதே! 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு சண்டையில் இடுக்கித் தோட்டத் தமிழர் காட்டு வழியே தேனிக்கு ஓடி வந்தார்கள். அதே மாதம் தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் உடைபட்டன. முன்னதை மட்டும் சொல்லிவிட்டுப் பின்னதை விழுங்குகிற மேடைப் பேச்சு எத்தனை கேட்டிருக்கிறோம்!

இன்னொன்று, நம் வீட்டுக்குள்ளேயே. தமிழ் பேசும் வட்டவடையில் சக்கிலியர் சமூகத்தாருக்கு முடிதிருத்தும் கடையில் இடமில்லாமல் இருந்தது. 2020-ல்தான் ஊராட்சி பொதுக் கடை திறந்தது. அதுவரை ஓட்டுக் கேட்டு வந்த கட்சிகள் எல்லாம் அந்தத் தெருவில்தானே நடந்தன?

நான் ஏலக்காய் வியாபாரி. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதாத பேரேட்டை எவனும் நம்பமாட்டான். ஒரு பொருளுக்குப் பல முகம் உண்டு என்பது எங்கள் சமணத்தின் அநேகாந்தம். அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று மழுப்புவதும் சரியல்ல, சுட்டது சுட்டதுதான்.

ஆகவே பெற்றோரே, பிள்ளைக்குச் சொல்லும்போது ஆண்டு, ஊர், கட்சி மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்சியையும் மக்களையும் ஒன்றாக்காதீர்கள். 5 ஏக்கருக்காக மலையேறியவனும் பசித்தவன்தான். பாலக்காட்டுச் சித்தூரிலும் மூணாற்றிலும் நம் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் மலையாளப் பிள்ளைகளோடுதான் உட்காரப் போகிறார்கள். முழுக் கணக்கும் தெரிந்து உட்காரட்டும்.