கொங்கு நாட்டில் காப்பி வந்த வழி

திருப்பூரிலிருந்து தெற்கே பல்லடம் வழியாகச் சென்று உடுமலைப்பேட்டையை அணுகுகிறவர் கண்ணுக்கு ஆனைமலைத் தொடர் நீலமாக எழுந்து தோன்றும். வடகிழக்கே சேலத்தை ஒட்டி நிற்பது சேர்வராயன் மலை. இரண்டும் காப்பி விளையும் மலைகள். ஆயினும் இவற்றுக்கு இடைப்பட்ட மானாவாரிக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக மக்கள் காலையில் குடித்தது நீச்சத்தண்ணியும் கம்மங்கூழும்தான். இத்தனை சமீபத்தில் விளைந்த பொருள் இத்தனை தாமதமாக வீடு வந்து சேர்ந்ததற்குக் காரணம், அது நமக்குரிய பானமாக அல்லாமல் பிறருக்குரிய வர்த்தகச் சரக்காக நம் மலைகளில் ஏறியதே என்பது என் துணிபு.

எத்தியோப்பியாவின் காட்டுச் செடியாக இருந்த அதை, இரவெல்லாம் விழித்திருந்து தியானம் செய்ய விரும்பிய ஏமன் தேசத்துச் சூபி ஞானிகள் பானமாகக் கைக்கொண்டனர். மோக்கா துறைமுகம் அதை உலகச் சரக்காக்கிற்று. பதினேழாம் நூற்றாண்டில் பாபா பூதன் என்னும் மகான், மக்கா யாத்திரை முடித்துத் திரும்புகையில் ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது ஐதிகம். அந்நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர் மலையாளக் கரையிலிருந்தே ஜாவாவுக்குச் செடி கொண்டு போயினர். அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் சென்ற வம்சத்தில் வந்த ஒரு செடி, 1714-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்குக் காணிக்கையாயிற்று. அமெரிக்கக் கண்டத்துத் தோட்டங்களுள் பல அதன் சந்ததியே.

சேலத்துக் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டில் காப்பி பயிரிட்டார். இலங்கையிலோ, தமிழ்க் கூலிகள் வறட்சிச் சீமைகளிலிருந்து நடந்தே சென்று வளர்த்த பெருந்தோட்டங்களை, 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் இருபதாண்டுகளில் அழித்துத் தேயிலைக்கு இடம்விட்டது. பழம் பறித்த கை இங்கே இருந்தது; கோப்பை ஏந்திய கை லண்டனில் இருந்தது.

சமவெளிக்குக் காப்பியைக் கொணர்ந்தவை ரயிலும் ஓட்டலுமே. சென்னையை மேற்குக் கடற்கரையோடு இணைத்த இருப்புப்பாதை 1862-இல் பூர்த்தியாயிற்று. அதன் வழி நெடுகிலும் எழுந்த ஊர்களில் காப்பி கிளப்புகளும் எழுந்தன. அங்கே பிராமணருக்கு ஓரிடம், மற்றையோருக்கு வேறிடம், தாழ்த்தப்பட்டவருக்கு இடமே இல்லை. ஈரோட்டுப் பெரியார் விடாது எதிர்த்த அந்தப் பிரிவினை ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளிலிருந்து நீங்க 1941 வரை காலம் பிடித்தது. கொங்குக் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்கு வெகுகாலம் பின்னும் நீடித்தது. மணத்தையும் சுவையையும் மாத்திரம் எழுதி இந்த அவமானத்தை விட்டுவிடுவது சரித்திரத்துக்கு நியாயமாகாது.

கதர் இயக்கத்தின் பெருநிலையமாகத் திருப்பூர் விளங்கிய அக்காலத்திலேயே, காந்தியடிகள் தம் ஆரோக்கிய நூல்களில் காப்பியும் தேநீரும் உடலுக்கு வேண்டாதவை என்று எழுதிவந்தார். ஆனால் காலம் வேறு திசையில் சென்றது. உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டதும், தோட்டக்காரர்களைக் காக்க 1942-இல் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் கீழ் இயங்கிய காப்பி வாரியம் உள்நாட்டில் காப்பி குடிப்போரைத் தேடிப் பிரசாரம் செய்தது. வெளிநாட்டான் வாங்க மாட்டாத நாளிலேயே நம்மவர் நினைவு வந்தது என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெருகியபோது தொழிலாளிக்கு வாய்த்தது டீயே. காப்பிக்கு டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும் வரை காத்திருக்க வேண்டும், கெட்டிப் பால் வேண்டும், காசும் கூட வேண்டும். இன்றும் ஓவர்லாக் மெஷின்கள் சற்றே ஓயும் இடைவேளையில், பேக்கரியிலிருந்து தூக்குப்போசியில் கம்பெனிக்குள் வருவது பெரும்பாலும் டீதான். நம் மலைக் காப்பியில் பெரும்பகுதி கப்பலேறுகிறது. அதை மிகுதியாக வாங்கும் நாடு இத்தாலி. 1970-களின் இறுதியில் திருப்பூர்ப் பனியனைத் தேடி முதலில் வந்தவரும் ஓர் இத்தாலியரே என்று இவ்வூர் ஏற்றுமதியாளர் சொல்வதுண்டு. எஞ்சிய காப்பியில் ஒரு பங்கேனும் இப்போது நெய்தவர் வீட்டுக்கும் தைத்தவர் வீட்டுக்கும் போகிறது. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிய கையோடு காப்பிப் பொடிக் கடையில் நின்று, கொட்டை எண்பது, சிக்கரி இருபது என்று விகிதம் சொல்லி, கண்ணெதிரே அரைத்து வாங்கிச் செல்லும் குடும்பங்கள் இங்கே உண்டு.