ஊர்ப் பணமும் சர்க்கார் பணமும்



விழா மலர் என்றால் கல்லூரி நாட்களின் இனிய நினைவுகளைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். நான் அந்தக் கல்லூரி வாசலுக்கு வந்து சேர்ந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று நினைக்கிறேன். காரணம் இருக்கிறது. இந்த ஆண்டு நமது சங்க நிதியிலிருந்து ஏதாவது ஒரு அரசுப் பள்ளிக்கு உதவி செய்யலாம் என்று பேச்சு நடக்கிறது. நல்ல காரியம்தான். அதைச் செய்வதற்கு முன்னால், நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் யார் பணத்தில் நடந்தன என்ற சரித்திரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

எனக்குச் சொந்த ஊர் நைனார்பாளையம். நான் பிறந்தபோது அது தென் ஆற்காடு மாவட்டம். 1993 இல் விழுப்புரம் மாவட்டம் ஆயிற்று. 2019 இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆயிற்று. ஊர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. அந்தக் காலத்தில் ஒரு மனுவை எடுத்துக்கொண்டு கடலூர் போய் வருவதென்றால் ஒரு நாள் கூலி போச்சு என்று அர்த்தம். நான் படித்த பள்ளிகளின் பெயர்களை இங்கே குறிப்பிடவில்லை. அங்கிருந்த குறைகள் எங்கள் வாத்தியார்கள் செய்தவை அல்ல. அவர்கள் கையில் ஒன்றும் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

நாலு பைசா யார் கொடுப்பது?

1953 இல் கொண்டுவரப்பட்ட, "குலக்கல்வி" என்று பெயரெடுத்த அரைநேரப் பள்ளித் திட்டம் 1954 இல் காமராஜர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. 1956 இல் மதிய உணவு வந்தது. 1958 இல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர் ஊராகப் போய், பொதுமக்களிடம் பெஞ்சு, பீரோ, கடிகாரம், கட்டடம் என்று நன்கொடையாக வாங்கிப் பள்ளிகளுக்குச் சேர்த்தார். எங்கள் தலைமுறையில் எழுதப் படிக்கத் தெரிந்த ஏழைகள் எல்லாம் இவர்களுக்குக் கடன்பட்டவர்கள் என்றால் அது மிகையாகாது.

ஆனால் அந்தக் கணக்கை உற்றுப் பார்க்க வேண்டும். மதிய உணவு முதலில் ஊரார் நன்கொடையில்தான் ஆரம்பித்தது. பிறகு ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசா என்று கணக்கிட்டு, 6 பைசா அரசும் 4 பைசா உள்ளூரும் என்று ஏற்பாடாயிற்று. நாலு பைசா கொடுக்க ஆள் இருக்கிற ஊரில் அடுப்பு எரியும். ஆள் இல்லாத ஊரில்? நிலபுலம் உள்ளவர் நாலு பேர் இருந்த ஊரில் பள்ளிக்கு ஓட்டுக் கட்டடம் வந்தது. அன்றாடம் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் படித்த இடத்தில் கூரைக் கொட்டகைதான் நின்றது.

நான் 1968 இல் அப்படிப்பட்ட ஒரு கொட்டகையில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். மூன்று வகுப்புக்கும் சேர்த்து ஒரே வாத்தியார். மழை வந்தால் லீவு. சாக்பீஸ் அவர் சொந்தக் காசில் வாங்கியது. இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்றால் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு பூகோள உருண்டையைத் துணியில் கட்டிச் சைக்கிளில் கொண்டு வருவோம். சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வருஷத்தில் ஒரு நாள்தான் உலகம் எங்கள் பள்ளிக்கு வரும்!

முதல் பிளஸ் டூ செட்

1978 இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. அதுவரை பி.யு.சி. என்று கல்லூரியில் படித்த பாடம் பள்ளிக்கு இறங்கியது. பாடம் இறங்கிய அளவுக்கு லேபும் ஆசிரியரும் இறங்கவில்லை. நாங்கள் முதல் செட். நான் படித்த இடத்தில் பௌதிகத்துக்கு ஆசிரியர் இல்லாமலே பாதி வருஷம் ஓடியது. வெர்னியர் காலிபர் ஒன்றுதான். "பாத்துக்கோங்கடா, தொடாதீங்க" என்று சொல்லிக் காட்டிவிட்டு உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். டவுனில் ஃபீஸ் கட்டிப் படித்த பையன்களும் நாங்களும் எழுதியது ஒரே கேள்வித்தாள்தான்.

கடைசியில் பெற்றோர்கள் கூடித் தலைக்கு இவ்வளவு என்று போட்டு, தற்காலிகமாக ஒரு பட்டதாரியை வைத்தார்கள். எங்கள் அப்பா மரவள்ளிக் காட்டில் வாரத்துக்குப் பாடுபடுகிறவர். என் பஸ் காசு, ஹாஸ்டல் காசோடு இதுவும் சேர்ந்தபோது அவருக்குத் தாங்கவில்லை. எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் தங்கையை நிறுத்திப் பருத்திக் காட்டுக்குக் களை எடுக்க அனுப்பினார். "அவன் படிச்சு வந்து உன்னப் பாத்துக்குவான்" என்று அம்மா சமாதானம் சொன்னார். சர்க்கார் நிரப்பாத ஒரு வாத்தியார் வேலைக்கு என் தங்கைதான் சம்பளம் கொடுத்தாள். அந்த வருஷத்துச் செலவுக் கணக்கில் அது எந்தத் தலைப்பிலும் வராது.

இதில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. அரசு கொடுக்காவிட்டால் பள்ளிக்கூடம் செலவில்லாமல் நடந்துவிடாது. அந்தச் செலவை யாராவது கொடுத்தே தீர வேண்டும். கொடுக்க முடிந்தவர்கள் பணமாகக் கொடுப்பார்கள். முடியாதவர்கள் வீட்டில் ஒரு பெண் பிள்ளையின் படிப்பைக் கொடுப்பார்கள்.

சர்க்கார் முழுசாக ஏற்றுக்கொண்டபோது

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இதற்கு உள்ளூரில் நாலு பைசா கேட்கவில்லை. ஆகவே நன்கொடையாளர் உள்ள ஊர், இல்லாத ஊர் என்ற பேதம் அந்தத் தட்டில் இல்லை. எங்கள் பக்கத்துக் கல்வராயன் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜாகிர்தார்கள் கையிலிருந்து அந்த மலை அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்ததே 1976 இல்தான். அங்கே சீரமைப்பு மாநாடு போட்டு யாரிடம் பீரோ கேட்பது? முழுச் செலவையும் அரசு ஏற்றால்தான் மலைக்கு ஏதாவது ஏறும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இந்த வழியில் வந்ததுதான். 2020 இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்ததையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம்.

ஆனால் அடிப்படைக் கணக்கு இன்னும் தீரவில்லை. நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் சொன்னது 1966 இல். 1968, 1986, 2020 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று தேசியக் கல்விக் கொள்கைகளிலும் அந்த 6 சதவீதம் பேசப்பட்டது. ஒரு வருஷமும் எட்டப்படவில்லை. கூரைக்குக் கீழே பிள்ளைகளை உட்கார வைப்பதன் விலை என்ன என்பதை 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் கருகிய பிறகுதான் நாடு பார்த்தது. 2024-25 ஆம் ஆண்டுக்குச் சமக்ர சிக்ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. இரண்டு சர்க்காரும் வழக்காடுகிற நாட்களில் அந்தச் செலவை எந்த வீட்டுத் தங்கைகள் கொடுத்தார்களோ!

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

2022 டிசம்பரில் "நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி" என்ற திட்டம் தொடங்கப்பட்டு, பழைய மாணவர்கள் தங்கள் பள்ளிக்கு நிதி கொடுக்க வழி செய்யப்பட்டது. 1958 இன் மறுபிறவி என்றே சொல்லலாம். அந்தக் காலத்துக் குறையும் கூடவே பிறந்திருக்கிறது. வெளிநாட்டிலும் சென்னையிலும் வசதியாக இருக்கிற பழைய மாணவர்கள் உள்ள பள்ளிக்குப் பணம் வரும். அப்படி ஒருவரும் இல்லாத பள்ளிக்கு வராது.

ஆகவே கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுப்போம், நிறையவே கொடுப்போம். மூன்று விஷயங்களை மட்டும் பொதுக்குழு மனதில் வைக்க வேண்டும். நம்மில் யாருக்கும் சொந்தமில்லாத, கேட்க நாதியில்லாத ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது கல்வராயன் மலையில் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, காலியாகக் கிடக்கிற ஆசிரியர் பணியிடத்துக்கு நம் பணத்தில் சம்பளம் போட்டு அந்தக் காலியிடத்தை மறைத்துவிடக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவோடு சேர்ந்து கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஆள் போடும் வரை மனு கொடுக்க வேண்டும். மூன்றாவது, அடுத்த மலரில் நாம் கொடுத்த தொகையையும், அரசு அந்தப் பள்ளிக்கு இன்னும் தர வேண்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட வேண்டும்.

நன்கொடைச் சீட்டில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மனுவிலும் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கட்டும்.