9என்னா, 2என்னா, 8என்னா? பழைய ஃபோர்டு டிராக்டரை அடையாளம் காண்பது

அமெரிக்காவில் 1939 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 'என்' வரிசை டிராக்டர்கள் மூன்று: 9என், 2என், 8என். மாடல் பெயரின் முதல் எண் ஆண்டைக் குறிக்கும்: 1939, 1942, 1948. (8என் விற்பனைக்கு வந்தது 1947-லேயே.) கேட்க எளிமையா இருக்கு. ஆனா ஒரு பழைய வண்டியின் முன்னால் போய் நின்றால் இந்த எளிமை காணாமல் போய்விடும்.

முதல் குழப்பம் வார்ப்பு எண். 8என் வண்டியிலேயே '9என்' என்று தொடங்கும் எண்ணுள்ள பாகங்கள் நிறைய இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இது வேற வண்டியிலிருந்து கழற்றிப் போட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த எண் சொல்வது, அந்தப் பாகம் எந்த மாடலுக்காக முதலில் வடிவமைக்கப்பட்டது என்பதை மட்டும்தான். வடிவம் மாறவில்லையென்றால் பெயரை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. மென்பொருளில் பத்து வருஷம் முன்னால் எழுதிய லைப்ரரி இன்றைய வெளியீட்டிலும் பழைய பெயரோடு ஓடுகிற மாதிரிதான்.

இரண்டாவது குழப்பம் வரிசை எண். இது எஞ்சின் பிளாக்கின் இடது பக்கத்தில் குத்தப்பட்டிருக்கும். 2என் வண்டிகளுக்குத் தனி வரிசை கிடையாது, 9என் வரிசையே தொடர்ந்தது. அதாவது, எண் '9என்' என்று தொடங்கினாலும் வண்டி 2என் ஆக இருக்கலாம். அதோடு, 8என் எஞ்சினை 9என்-ல் பொருத்த முடியும். ஆக, வரிசை எண் சாட்சி சொல்வது எஞ்சினுக்கு மட்டும்தான், முழு வண்டிக்கு இல்லை.

அப்போ எதை நம்புவது? எளிதில் மாற்ற முடியாததை முதலில் பாருங்க. 9என், 2என் இரண்டிலும் முன்னோக்கி 3 கியர், 8என்-ல் 4. முந்தைய இரண்டிலும் இடது பிரேக் கிளட்ச் பக்கமும், வலது பிரேக் எதிர்ப்பக்கமும் இருக்கும். 8என்-ல் இரண்டு பிரேக் மிதிகளும் வலது பக்கமே. ஹைட்ராலிக்கில் கலப்பையின் இழுவையை வைத்து ஆழத்தைச் சரிசெய்யும் முறையோடு, அதை ஒரே உயரத்தில் நிறுத்தும் வசதியும் 8என்-ல் சேர்ந்தது. 8என்-க்குள்ளேயும் ஒரு பிரிவு உண்டு: எஞ்சினின் முன்னால் இருந்த டிஸ்ட்ரிபியூட்டர், 1950-ல், வரிசை எண் 263844-லிருந்து பக்கவாட்டுக்குப் போனது.

பெயிண்ட்டை கடைசியில் வையுங்க. 9என், 2என் அடர் சாம்பல். 8என்-ல் தகடுகள் வெளிர் சாம்பல், அடிப்பாகம் சிவப்பு. சிவப்பு அடிப்பது ஒரு நாள் வேலை.

இந்த வித்தியாசங்களுக்குப் பின்னால் ஒரு சண்டையும் இருக்கு. ஹென்றி ஃபோர்டும் ஹாரி ஃபெர்குசனும் 1938-ல் எழுத்தில் எதுவும் இல்லாமல், கைகுலுக்கலோடு ஒப்பந்தம் செய்தார்கள். 9என், 2என் முகப்பில் ஃபோர்டு முத்திரைக்குக் கீழே 'ஃபெர்குசன் சிஸ்டம்' பட்டையும் இருந்தது. 8என்-ல் அந்தப் பட்டை இல்லை, ஆனா அவருடைய மூன்று முனை இணைப்பு இருந்தது. 1948-ல் ஃபெர்குசன் வழக்குப் போட்டார். 1952-ல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

இடையில் வந்த 2என்-தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போர்க்காலத்தில் ரப்பருக்கும் தாமிரத்துக்கும் தட்டுப்பாடு. அதனால் தொடக்கத்தில் இரும்புச் சக்கரம், மேக்னெட்டோ, பேட்டரியும் ஸ்டார்ட்டரும் இல்லாத வண்டிகள் வந்தன. தட்டுப்பாடு தளர்ந்ததும் அவை திரும்பின. பல உரிமையாளர்கள் பின்னாளில் ரப்பர் டயரும் ஸ்டார்ட்டரும் போட்டுக்கொண்டார்கள். உழவுக்கு வேண்டும், தப்பில்லை. ஆனால் அப்படியே மிஞ்சிய ஒரு 2என்-ஐ இன்று 'புதுப்பிக்கிறேன்' என்று 8என் பாகங்களும் சிவப்பு பெயிண்ட்டும் போட்டால், போர்க்காலத் தொழிற்சாலையின் ஆவணம் ஒன்று அழிகிறது.

அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் போட்டோ எடுங்க, எண்களை எழுதி வையுங்க. கழற்றிய பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாதீங்க.