விரும்பிச் சேர்ந்தவர்களும் திட்டத்தின் பயனும்: பல்கலைக்கழகப் புதுத்திட்டங்களைச் சோதிக்கும் முறை பற்றி

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 2016ஆம் ஆண்டு தன் அர்பானா-சாம்பெய்ன் வளாக ஊழியர்களுக்காக ஓர் உடல்நலத் திட்டத்தைத் தொடங்கியது. எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்கும் பரிசோதனை முதலில். அடுத்து அன்றாடப் பழக்கங்களைப் பற்றிய இணையவழிக் கேள்வித்தாள். அதன்பின் எடை குறைப்பு, மன அழுத்தம், தை சி முதலிய வகுப்புகள். இத்தகைய திட்டங்கள் அந்நாட்டு நிறுவனங்களில் மிகப் பரவலானவை. ஆனால் டேமன் ஜோன்ஸ், டேவிட் மோலிட்டர், ஜூலியன் ரீஃப் என்ற பொருளியலாளர்கள் இந்தத் திட்டத்தைத் தொடக்கத்திலிருந்தே ஒரு சோதனையாக வடிவமைத்திருந்தார்கள். ஆய்வில் சேர ஒப்பிய 4,834 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 3,300 பேருக்குத் திட்டத்தில் இடம் தரப்பட்டது. 1,534 பேருக்குத் தரப்படவில்லை.

இடம் கிடைத்த எல்லோரும் பரிசோதனைக்கு வரவில்லை. ஊக்கத்தொகை எதுவும் இல்லாதபோது 47 விழுக்காட்டினர் வந்தார்கள். 100 டாலர் தருவதாகச் சொன்னபோது அது 59 ஆனது; 200 டாலருக்கு 63. ஆக, ஆய்வாளர்கள் கையில் இரண்டு ஒப்பீடுகள் இருந்தன. இடம் பெற்ற குழுவுக்குள்ளேயே பங்கேற்றவர்களைப் பங்கேற்காதவர்களோடு ஒப்பிடலாம். பெரும்பாலான நிறுவனங்கள் செய்வது இதைத்தான். அப்படிப் பார்த்தால் திட்டம் வெற்றி: பங்கேற்றவர்களின் மருத்துவச் செலவு குறைவு, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவது அதிகம். மற்றது, குலுக்கலில் இடம் கிடைத்த குழு முழுவதையும் கிடைக்காத குழு முழுவதோடு ஒப்பிடுவது. இந்தக் கணக்கில் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் மருத்துவச் செலவிலோ, உடற்பயிற்சியிலோ, வேலைத்திறனிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. பங்கேற்றவர்கள் திட்டம் தொடங்குவதற்கு முன்பே குறைவாகச் செலவு செய்தவர்கள், முன்பே உடற்பயிற்சி செய்தவர்கள். 2019இல் வெளியான கட்டுரையில் ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்: மருத்துவச் செலவு, பணிக்கு வராமை ஆகியவை குறித்து முந்தைய ஆய்வுகள் தந்த மதிப்பீடுகளில் 84 விழுக்காடு அவர்களுடைய முடிவுகளோடு பொருந்தி வரவில்லை.

பல்கலைக்கழகங்கள் புதுத்திட்டங்களைச் சோதிக்கும் வழக்கமான முறையை இந்த முடிவு கேள்விக்குள்ளாக்குகிறது. முன்னோடித் திட்டம் என்று நாம் நடத்துபவற்றில் பெரும்பாலானவை விருப்பமுள்ள துறையில், ஆர்வமுள்ள ஆசிரியரிடம், தாமாகப் பெயர் கொடுத்த மாணவர்களோடு நடப்பவை. அவற்றின் முடிவுகள் அந்த மனிதர்களைப் பற்றியவை. திட்டத்தைப் பற்றி அவற்றிலிருந்து அறியக்கூடியது மிகக் குறைவு. யாருக்குத் திட்டம், யாருக்கு இப்போது இல்லை என்பதைப் பங்கேற்பவரின் விருப்பத்துக்கு வெளியே, தொடங்கும் முன்பே முடிவு செய்யாத சோதனை சோதனையாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தோல்வியைப் படிப்பதிலும் இதே சிக்கல் உண்டு. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் 2013 தொடக்கத்தில் யுடாசிட்டி நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று கணிதப் பாடங்களை இணையவழியில் நடத்தியது. ஒரு பாடத்துக்குக் கட்டணம் 150 டாலர். தேர்ச்சி விழுக்காடு வழக்கமான வகுப்புகளைவிட வெகுவாகக் குறைந்தது. ஜூலையில் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. அதே கோடையில் நடந்த வகுப்புகளின் முடிவுகளோ மிக நன்றாக இருந்தன. இணையக் கல்வியை எதிர்த்தவர்கள் முதலாவதையும் ஆதரித்தவர்கள் இரண்டாவதையும் சான்றாகக் காட்டினார்கள். உண்மையில் முதல் பருவத்தில் பள்ளி மாணவர்களும், அதே பாடத்தில் முன்பு தவறியவர்களும் இருந்தார்கள். கோடையில் படித்தவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். கற்பித்தது இரண்டிலும் இணையவழி முறையில்தான். பெரிதும் மாறியது மாணவர் கூட்டம். எந்தப் பருவத்தின் எண்ணைக் கொண்டும் அம்முறை நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. அந்தப் பல்கலைக்கழகத்தைக் குறைசொல்வது என் நோக்கமன்று. எண்கள் சரியில்லை என்று தெரிந்ததும் அதைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டு நிறுத்துகிற துணிவு எல்லா நிர்வாகங்களுக்கும் வருவதில்லை.

தமிழ்நாட்டில் இக்கேள்விக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு தன்னாட்சிக் கல்லூரிகள். கோத்தாரி ஆணையம் 1966இல் அளித்த பரிந்துரை 1978இல் இங்கே நடைமுறைக்கு வந்தது. சென்னையில் லயோலா, கிறித்தவக் கல்லூரி, விவேகானந்தா, மதுரையில் அமெரிக்கன் கல்லூரி போன்றவை முதல் வரிசையில் தன்னாட்சி பெற்றன. தம் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்து, தம் தேர்வைத் தாமே நடத்திய இக்கல்லூரிகள் சாதித்தவை பல. பருவத்தேர்வும் அகமதிப்பீடும் பிற்காலத்தில் எல்லாக் கல்லூரிகளுக்கும் பரவியதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. இருந்தாலும் ஆய்வாளர் இங்கே தயங்கி நிற்க வேண்டும். தன்னாட்சி பெறுவதற்கு முன்பே இவை மாநிலத்தின் தேர்ந்த கல்லூரிகள். மதிப்பெண் மிகுந்த மாணவர்கள் இடம் தேடி வரிசையில் நின்ற கல்லூரிகள். இவற்றின் தரத்தில் தன்னாட்சியின் பங்கு எவ்வளவு, ஏற்கெனவே இருந்த வலிமையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஏற்பாடு எதுவும் அன்று செய்யப்படவில்லை. பொறுப்பு தாங்கக்கூடிய நிறுவனத்துக்கே உரிமை தருவது நிர்வாக நோக்கில் நியாயம்தான். ஆனால், நூலகமும் ஆசிரியர் பணியிடமும் குறைந்த ஒரு மாவட்டக் கல்லூரிக்குத் தன்னாட்சி என்ன செய்யும் என்ற கேள்விக்கு லயோலாவின் அனுபவம் விடையாகாது.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் கவலை தருவது. நான்காண்டு இளநிலைப் படிப்பு அங்கே 2012 டிசம்பரில் கல்விக் குழுவின் ஒப்புதலைப் பெற்று, 2013 ஜூலையில் எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே நாளில் தொடங்கியது. எந்தத் துறை மாணவராயினும் 11 அடிப்படைப் பாடங்களைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஆசிரியர்கள் பலர் வேகத்தை எதிர்த்தார்கள். 2014 ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆணைக்குப் பின் படிப்பு கைவிடப்பட்டது. சேர்ந்திருந்த மாணவர்கள் மூன்றாண்டுப் படிப்புக்கு மாற்றப்பட்டார்கள். அரசியல் காரணங்கள் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. அதிகம் பேசப்படாத இழப்பு ஒன்று உண்டு. சில கல்லூரிகளிலாவது பழைய முறை தொடர்ந்திருந்தால் அந்த ஓராண்டு ஏதாவது கற்றுத் தந்திருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் மாறியதால் ஒப்பிட யாரும் மிஞ்சவில்லை. 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஒட்டி 2022இல் நான்காண்டுப் படிப்பு அதே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்தபோது, முந்தைய தொகுதி மாணவர்கள் பட்ட அலைக்கழிப்பிலிருந்து பயனுள்ள சான்று எதையும் எடுத்துக்கொள்ள வழியில்லாமல் போனது.

வகுப்பறையில் முறையான சோதனை நடத்த முடியாது என்று சொல்வோருக்குக் கனடாவில் விடை இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு இயற்பியல் பாடத்தின் இரண்டு பெரிய பிரிவுகளை, நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமனும் அவர் குழுவினரும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு அனுபவம் மிக்க, மாணவர்களிடம் நற்பெயர் பெற்ற பேராசிரியர் வழக்கம்போல் விரிவுரை நடத்தினார். மற்றதில் அனுபவம் குறைந்த, ஆனால் கற்பித்தல் முறையில் பயிற்சி பெற்ற ஆய்வாளர் ஒருவர் கேள்வி, குழு விவாதம், உடனடித் திருத்தம் என்று வகுப்பை நடத்தினார். ஒரு வாரம் முடிந்து இரு பிரிவுக்கும் ஒரே தேர்வு வைத்தபோது சராசரி 41 விழுக்காடு, 74 விழுக்காடு. முந்தைய தேர்வுகளில் இரு பிரிவுகளும் ஒத்திருந்தன என்பதை முதலிலேயே சரிபார்த்திருந்ததால்தான் 2011இல் வெளியான இந்த எண்களுக்குப் பொருள் உண்டு. ஒரு வாரம் போதாது, கற்றது நிலைத்ததா என்று தெரியாது என்ற மறுப்புகள் சரியானவை. ஆனால் அவை அடுத்த சோதனைக்கு வழிகாட்டுபவை.

ஹார்வர்டில் 2019இல் வெளியான ஆய்வு நம் கருத்துப் படிவங்களையே ஐயத்துக்குள்ளாக்குகிறது. அங்கே மாணவர்களைக் குலுக்கலில் பிரித்து, விரிவுரை, தாமே முயன்று கற்றல் என்ற இரு முறைகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். தாமே முயன்று கற்ற வகுப்பில் மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் அந்த வகுப்பில் குறைவாகவே கற்றதாக எழுதிக்கொடுத்தார்கள். பருவ இறுதியில் வாங்கும் மாணவர் கருத்தை மட்டும் வைத்து ஒரு கற்பித்தல் முறையைத் தொடரலாமா, கைவிடலாமா என்று முடிவெடுக்கும் துறைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

குலுக்கல் நியாயமற்றது, சிலருக்கு நன்மையை மறுக்கிறது என்பது வலுவான எதிர்வாதம். திட்டம் நன்மை தருவது என்று முன்பே நிறுவப்பட்டிருந்தால் அதை ஏற்க வேண்டும். நிறுவப்படாதபோது நன்மையை மறுப்பதாகச் சொல்ல இயலாது. தீங்கிலிருந்து காப்பதாகவும் இருக்கலாம். மேலும், ஆசிரியர் பயிற்சியோ கணினிக் கூடமோ எல்லாத் துறைக்கும் ஒரே ஆண்டில் கிடைப்பதில்லை. யாருக்கு முதலில் என்பதைத் துறைத்தலைவரின் செல்வாக்கு முடிவு செய்வதைவிடக் குலுக்கல் முடிவு செய்வது நேர்மையானது. அப்படிச் செய்தால் காத்திருக்கும் துறையே ஒப்பீட்டுக் குழுவாகிவிடும். எண்ணிக்கையும் முக்கியம். 30 பேர் கொண்ட ஒரு வகுப்பில் மூன்று பேரின் முடிவு மாறினாலே தேர்ச்சி விழுக்காடு 10 புள்ளி நகர்ந்துவிடும். அதைத் திட்டத்தின் வெற்றியாகக் கல்விக் குழுவில் வைப்பது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி. பல கல்லூரிகள் இணைந்து, ஒரே வினாத்தாளோடு நடத்தினால்தான் பயன்.

பணியிடச் சோதனைகளில் விருப்பம் என்ற சொல்லையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக்காகக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் புதிய வருகைப் பதிவு முறைக்கோ பணிச்சுமைக் கணக்கீட்டுக்கோ ஒப்புதல் கேட்டால் அவர் மறுப்பது கடினம். இல்லினாயில் திட்டம் மருத்துவச் செலவைக் குறைக்காவிட்டாலும், நிர்வாகம் தம் நலனில் அக்கறை கொள்கிறது என்ற எண்ணம் ஊழியர்களிடம் சற்றுக் கூடியது. அதுவும் ஒரு பயனே. அந்தப் பயனுக்காக மட்டும் ஒரு பல்கலைக்கழகம் திட்டத்தைத் தொடர விரும்பினால் அதை வெளிப்படையாகச் சொல்லித் தொடரலாம். எந்த முடிவு வந்தால் நிறுத்துவோம் என்பதைத் தொடங்கும் முன்பே கல்விக் குழுவின் தீர்மானத்தில் எழுத வேண்டும். மதிப்பீட்டைத் திட்டத்தை முன்மொழிந்தவரிடம் விடாமல் வேறொரு துறையிடம் தர வேண்டும். யார் சேர்ந்தார், யார் மறுத்தார் என்ற பட்டியல் பணி நீட்டிப்பில் கையெழுத்திடும் அதிகாரியின் மேசைக்குப் போகவே கூடாது.