மிதக்கும் ஈரநிலம் பிறந்த கதை

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஷெப்பர்டு என்றொரு சிற்றூர். அங்கே பண்ணை வைத்திருந்த புரூஸ் கானியாவின் கறுப்பு நாய் ஒருமுறை குட்டையில் குதித்துக் கரையேறியது. கிட்டே நிற்க முடியாத நாற்றம். சுற்றுவட்டார வயல்களில் போட்ட உரம் வடிந்து வந்து சேரும் தண்ணீர் அது. பயிருக்குப் போட்ட தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) குட்டைக்கு வந்துவிட்டால் பாசிக்குக் கொண்டாட்டம். பாசி மண்டும், சாகும், அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பிறகு மீன்கள் செத்து மிதக்கும்.

இதற்கு மருந்தடிப்பதுதான் வழக்கம். கானியாவுக்கோ தான் வளர்ந்த விஸ்கான்சின் ஞாபகம் வந்தது. அங்குள்ள சில ஏரிகளில் செடிகொடியும் மட்கிய வேரும் பின்னிக்கொண்டு திட்டுத்திட்டாக மிதக்கும். அவற்றைச் சுற்றித் தண்ணீர் தெளிவாக இருக்கும், மீனும் கொழுத்திருக்கும். அந்தத் திட்டை நாமே செய்தால் என்ன? பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து எடுத்த இழைகளை மெத்தையாகப் பின்னி, நடுவே நுரை ஏற்றி, மேலே செடி நட்டு மிதக்கவிட்டார். இதுதான் மிதக்கும் ஈரநிலம். 2005இல் அதற்கென நிறுவனமும் தொடங்கினார். ஏரியைச் சுத்தம் செய்ய ஏரியிலேயே பிளாஸ்டிக்கா என்று எனக்கு ஒரு நெருடல் உண்டு.

அவர்தான் முதல் ஆள் என்று சொல்வதற்கில்லை. ஜப்பானில் கசுமிகவுரா ஏரியில் முன்பே செயற்கைத் தீவுகள் மிதந்தன. இயற்கை அதற்கும் மூத்தது: மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் ‘பும்தி’ எனும் மிதக்கும் திட்டுகள்மேல் சங்காய் மான்களே நடமாடுகின்றன.

இந்த மிதவைகளின் வேலை நடப்பது தண்ணீருக்கு அடியில். நிலத்துச் செடிக்கு மண் சோறு போடும். மிதவைச் செடிக்கு அந்த வசதி இல்லை. வேரை நேராகத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சத்தை உறிஞ்ச வேண்டியதுதான். அந்த வேரைத் தொட்டால் வழவழவென்று இருக்கும். அருவருப்பு வேண்டாம், அந்த வழவழப்புதான் முக்கியமான வேலையாள். அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வேறு சில அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றோடு அனுப்பிவிடும். கலங்கல் தூசும் வேர்களில் ஒட்டிக்கொள்ளும்.

நம் பக்கத்தில், 2018 பிப்ரவரி 2 அன்று, ஹைதராபாத் நெக்னாம்பூர் ஏரியில் சுமார் 3,000 சதுர அடித் தீவு ஒன்றை மிதக்கவிட்டார்கள். மூங்கில், தெர்மாகோல், சாக்கு, சரளை. மேலே வெட்டிவேர், கல்வாழை, சம்பு. சந்தையில் கிடைக்கிற சாமான்களே போதும் என்று காட்டியது அது.

மணிச்சத்து மட்டும் வாயுவாகப் பறக்காது. செடிக்குள் சேர்ந்ததை வெட்டிக் கரையேற்றினால்தான் அது ஏரியை விட்டுப் போகும். விட்டுவிட்டால் இலை உதிர்ந்து, அழுகி, பழையபடி தண்ணீருக்கே திரும்பும். சாக்கடை நாள்தோறும் கொட்டும் பெரிய ஏரியில் நாலு மிதவைகளால் ஒன்றும் ஆகாது. உங்கள் ஊர் ஏரியில் இதை மிதக்கவிட யாராவது வந்தால், செடியை யார் வெட்டுவது, சாக்கடையை எப்போது நிறுத்துவது என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள்.