மலைநாட்டுத் தோட்டங்களிற் கடனும் பொறுப்பும்

மலைநாட்டுத் தோட்ட வரலாற்றிலே கடன் இருவகைப்பட்டது. தொழிலாளி பட்ட கடன் ஒன்று. அவனுக்குத் தோட்டத்தார் இறுக்கவேண்டிய கூலிக்கடன் மற்றொன்று. முன்னது 'துண்டு' என்னும் சீட்டிலேறித் தோட்டந்தோறும் அவனைத் தொடர்ந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கியவன் சிறை புகவும் நேர்ந்தது.

பின்னதன் நிலை யாது? 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் நொடித்தவிடத்துக் கூலி நிலுவையாய் நின்றது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் கூலியைத் தோட்டத்தின் மீது முதற்பொறுப்பாக்கிற்று. அடைமானம் பிடித்தோருக்கும் முன்னே தொழிலாளி நின்றான்.

ஆயினும், ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்கள் பலவற்றைத் தேயிலைக் கம்பனிகள் கொண்டன. கம்பனி சட்டத்தின் கண்ணுக்குத் தனியாள். அதன் கடன் பங்காளரின் வீட்டு வாயிலை எட்டாது என்பதை 1897இல் இலண்டனிற் சாலமன் வழக்கு நிலைநாட்டிற்று.

1921இல் துண்டு முறை ஒழிந்தது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமோ, கம்பனி இழைக்குங் குற்றத்துக்கு அதன் பணிப்பாளரையும் பொறுப்பாளராக்கித் திரையைச் சிறிது விலக்கிற்று.

ஏழையின் கடனுக்கு அவன் உடலே பிணையாயிற்று. கம்பனியின் கடனுக்கோ பொறுப்பாளரைத் தேடவேண்டியதாயிற்று. இவ்வேற்றுமை வரலாறு பயில்வோர் மறக்கற்பாலதன்று.