நகர வனவியல்: தொழிலும் தகுதிச் சான்றும்

நகர வனவியல் என்பது வீதியோரங்களிலும் பூங்காக்களிலும் மனைகளிலும் நிற்கும் மரங்களைத் தனித்தனியே கருதாது, ஒரே வனமாகக் கொண்டு பேணும் தொழிலாகும். இதனை மேற்கொள்வோர் வனத்துறையினரோ, மரவைத்தியரோ, நகராட்சி உத்தியோகஸ்தரோ என்பது வட அமெரிக்காவில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது.

ஆதி வரலாறு: அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் 1890-ல் இயற்றப்பட்ட சட்டம், பொது வீதிகளில் உள்ள நிழல் மரங்களுள் காக்கத்தக்கவை எவையெனத் தேர்ந்து, தலையில் 'எம்' என்னும் எழுத்துப் பொறித்த ஆணியை அவற்றில் அறைந்து அடையாளமிடும் அதிகாரத்தை ஊராட்சியினருக்கு அளித்தது. மரத்தைக் காக்க அதன் மேனியிலேயே ஆணி அறைந்த இவ்விநோத ஏற்பாட்டில், அத்தாட்சி மரத்துக்கு இருந்ததேயன்றி அதைக் காப்பவனுக்கு இல்லை. 1896-ல் மரக்காவலரை நியமிக்க ஊர்களுக்கு அனுமதி கிடைத்தது. 1899-ல் அப்பதவி ஒவ்வோர் ஊருக்கும் கட்டாயமாயிற்று. ஊர்க் கூட்டத்தில் அண்டை அயலார் கூடித் தேர்ந்தெடுத்த அம்மனிதருக்கு ஊராரின் நம்பிக்கையே தகுதியாயிருந்தது. பரீட்சை எதுவும் விதிக்கப்படவில்லை. மரக்காவலர்கள் 1913-ல் தமக்கெனச் சங்கம் அமைத்தனர்.

உரிமமும் சங்கமும்: இங்கிலாந்தில் பிறந்து ஒஹையோவில் குடியேறிய ஜான் டேவி 1901-ல் வெளியிட்ட 'மரவைத்தியர்' என்னும் பொருள்படும் நூல் இத்தொழிலுக்குப் பிரசித்தி தேடித்தந்தது. மரவேலை செய்வோருக்கு உரிமம் வேண்டுமெனக் கனெக்டிகட் 1919-ல் விதித்தது. அங்குள்ள ஸ்டாம்போர்டு நகரில் 1924-ல் கூடிய மாநாடே இன்றைய சர்வதேச மரவளர்ப்புச் சங்கத்தின் வித்து. 1930-ல் ஒஹையோவில் காணப்பட்ட எல்ம் மரநோய், வீதி மரங்களைப் பெருவாரியாக அழித்தது.

பெயர்: 'நகர வனவியல்' என்னும் தொடரை 1965-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், எல்ம் நோயை ஆராய்ந்த எரிக் யோர்கென்சன் வழங்கினார் என்பது பொது அபிப்பிராயம், மாசச்சூசெட்ஸ் கேம்பிரிட்ஜின் 1894-ஆம் ஆண்டுப் பூங்கா அறிக்கையிலேயே இதையொத்த வழக்கு உண்டென்பாரும் உளர்.

பிற்காலம்: மூன்றாண்டு அனுபவமும் எழுத்துப் பரீட்சையும் வேண்டும் மரவளர்ப்பாளர் சான்றிதழைச் சர்வதேசச் சங்கம் 1992-ல் ஏற்படுத்தியது, மூன்றாண்டுக்கொருமுறை அது புதுப்பிக்கப்படுதல் வேண்டும். ஆயினும் இச்சான்று மரவளர்ப்புக்கேயன்றி நகர வனவியலுக்கன்று என்பாரும் உளர். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் இத்துறையில் இளநிலைப் பட்டம் வழங்குகிறது. மாசச்சூசெட்ஸில் மரக்காவலர் பதவி இன்றும் சட்டத்தில் உள்ளது.